நாலாவது கட்டம்

போன மாதம் கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. இந்த இரண்டு வருடத்தில் அங்கிருந்து வந்த முதல் கடிதம் இதுதான். நான் படித்து, பிறகு பாடம் நடத்தி, பிறகு தலைமையும் ஏற்ற சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங் முதுநிலைப் படிப்பை மாற்றி அமைக்கிறார்களாம். அதையொட்டி ஒரு மலர். அதில் "இனிய நினைவுகள்" என்று இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டும், பாஸ்போர்ட் அளவு போட்டோவோடு. கூடவே, படிப்பின் பெருமைகளில் ஒன்றான கடலோர எச்சரிக்கை சைரன் திட்டத்துக்கு நான் கையெழுத்திட்ட ஏற்புச் சான்றின் நகலை அனுப்பினால் முழுப் பக்கத்தில் அச்சிடுவார்கள். கடைசியில், தகவலுக்காக என்று ஒரு வரி: புதிய பாடத்திட்டத்தில் தேவைப் பட்டியலின் நாலாவது கட்டம் நீக்கப்படுவதாகத் தீர்மானிக்கப்பட்டுள்ளது.

இரண்டு தடவை படித்தேன். காபி ஆறிப்போனது. இனிய நினைவுகள் எழுத எனக்கு வராது. அந்தச் சான்றைப் பற்றியும் அந்த நாலாவது கட்டத்தைப் பற்றியும் சேர்த்தே எழுதுகிறேன், இரண்டும் ஒரே கதைதான். போட்டால் போடட்டும், போடாவிட்டால் போகட்டும். இரண்டு பக்கத்தில் அடங்காது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் பிறந்த ஊர் பெண்ணாடம் பக்கம். அப்பா கரும்பு வைத்தவர். இன்ஜினியரிங் முடித்து, சென்னையில் மீட்டர் செய்யும் ஒரு கம்பெனியில் நாலு வருடம் வேலை பார்த்து, கல்யாணமாகிச் சிதம்பரம் வந்தேன். அப்போதுதான் கடலூர் போகும் வழியில் இருந்த அந்தக் கல்லூரியில் இந்தப் படிப்பை ஆரம்பித்திருந்தார்கள். முதல் வகுப்பில் ஒன்பது பேர். பெண் நான் ஒருத்தி. ஒன்றரை வயது மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு பஸ் பிடிப்பேன். அந்த இரண்டு வருடத்தைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை. தூக்கம் போதவில்லை, அவ்வளவுதான்.

என்ன படிக்கிறாய் என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். கம்ப்யூட்டரா என்பார்கள். இல்லை என்றால் முகம் வாடிவிடும். நான் கல்யாண வீட்டை வைத்துச் சொல்வேன். சமையல்காரர் கைதேர்ந்தவர், மளிகை முதல் தரம், கேஸ் வந்துவிட்டது, பந்தியில் முந்நூறு பேர் உட்கார்ந்தாயிற்று. வாழையிலை யார் வாங்குவது என்று யாரிடமும் சொல்லவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சரி, ஆனால் சோறு போட முடியாது. அந்த இலை ஏன் வரவில்லை என்பதை முகூர்த்தத்துக்கு ஒரு மாதம் முன்னாலேயே கண்டுபிடிப்பதுதான் எங்கள் படிப்பு. இதைச் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் புரிந்துகொள்வார்கள்.

எங்களுக்குத் தலைவர் சபாநாயகம் சார். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருபது வருடம் இருந்துவிட்டு ஆசிரியராக வந்தவர். ஒல்லி, உயரம், வெள்ளை அரைக்கைச் சட்டை. நாற்காலி இருந்தும் உட்கார மாட்டார். ஜன்னல் ஓரம் நின்றபடி நம் தாளைப் படிப்பார். ஒரு முனை சிவப்பு, ஒரு முனை நீலம் என்று அந்தக் காலத்து ஆபீஸ் பென்சில் ஒன்று எப்போதும் காதில் இருக்கும். நீலத்தில் டிக் போடுவார். சிவப்பில் ஒரே ஒரு சொல்தான் எழுதுவார்: "யார்?" திட்ட மாட்டார். குரலை உயர்த்தவும் மாட்டார். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அதற்குப் பதில் இரண்டு வார்த்தை திட்டியிருக்கலாம் என்று தோன்றும்.

ஒரு ஏற்பாடு என்னென்ன செய்ய வேண்டும் என்று கட்டம் போட்டு எழுதுவது தேவைப் பட்டியல், எந்தக் கல்லூரியிலும் அதற்கு மூன்று கட்டம்தான். என்ன நடக்க வேண்டும், எவ்வளவு நேரத்துக்குள் நடக்க வேண்டும், நடந்ததா என்று எப்படிச் சோதிப்பது. நாலாவது கட்டம் சபாநாயகம் சார் போட்டது. அதைச் செய்யப்போவது யார்? அங்கே பதவி எழுதக் கூடாது. பெயர் எழுத வேண்டும். பெயருக்குக் கீழே வீடு எங்கே என்றும் எழுத வேண்டும். அந்தப் பெயரைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, அந்த இடத்துக்குப் போய்க் கதவு திறப்பதிலிருந்து பூட்டுவது வரை ஒரு நாள் முழுக்க நிற்பது. நோட்டு கொண்டுபோகக் கூடாது, உட்காரவும் கூடாது. உட்கார்ந்தால் நாற்காலி போட்டவர் சொல்வதைத்தான் கேட்க வேண்டி வரும் என்பார்.

நான் முதலில் எடுத்துக்கொண்டது கடலூர் துறைமுகத்தில் மீன் எடை போடும் ஒரு ஏற்பாடு. மூன்று கட்டமும் அழகாக நிரப்பி, நாலாவதில் "சுமைதூக்குபவர்" என்று எழுதிக் கொடுத்தேன். சிவப்பில் "யார்?" வந்தது. மறுநாள் விடிகாலை பஸ்ஸில் போய் நின்றேன். கூடை சுமக்கிற அஞ்சலை என்ற அம்மாள், நான் கேட்காமலே, சோதனைக்கு வைத்திருந்த என் தராசு மேடையைப் பார்த்துச் சொன்னாள்: "இத்த கொண்டாந்து அந்தாண்ட வச்சிக்கினா, ஈரக்கூடைய தூக்கிக்கினு படி ஏறி எவ போவா? வழுக்கி வுழுந்தா நீயா வந்து தூக்குவ?" மேடையை இடம் மாற்றினேன். படியை எடுத்தேன். நாலாவது கட்டத்தில் அஞ்சலை என்று எழுதினேன், வீடு ஐஸ் பேக்டரிக்குப் பின்னால் என்றும் எழுதினேன். அந்தத் தாளில் சாருடைய நீல டிக் இன்னும் அழியாமல் இருக்கிறது.

இதை எல்லாம் தெரிந்தவள்தான் நான். இருபது வருடம் இதையே மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவள். சார் ஓய்வு பெற்றபின் அந்த நாற்காலிக்கு வந்தவள். அதனால்தான் இனி சொல்லப்போவது எனக்கு இன்றும் எரிகிறது.

உப்பனாற்றுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மீனவக் குப்பம். பெயர் வேண்டாம். முதுநகர் பக்கத்திலிருந்து படகில்தான் போக வேண்டும். அங்கே அலை வருகிறது, புயல் வருகிறது என்றால் ஊரை எழுப்ப ஒரு தனியார் நிறுவனம் சைரன் கோபுரம் கட்டியது. நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையிலிருந்து குப்பத்தில் இருக்கும் ஆபரேட்டரின் செல்போனுக்குச் செய்தி வரும். அவர் கோபுரத்தடியில் இருக்கிற இரும்புப் பெட்டியைத் திறந்து பொத்தானை அழுத்துவார். செய்தி வந்த ஐந்து நிமிடத்துக்குள் சைரன் ஒலிக்க வேண்டும். இதைச் சோதித்து ஏற்புச் சான்று தர வெளி ஆள் ஒருவர் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள்.

போனேன். காரில் கூட்டிக்கொண்டுபோய்ப் படகில் ஏற்றினார்கள். செய்தி வந்தது, நிறுவனத்தின் இன்ஜினியர் பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்துத் திறந்தார், அழுத்தினார். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. காது கிழிகிற சத்தம். பிள்ளைகள் கைதட்டின. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. நாலாவது கட்டம் காலியாக இருந்தது. யார் ஆபரேட்டர் என்று கேட்டேன். பஞ்சாயத்து ஆபீஸ் ஆள் ஒருவர், இன்று லீவு என்றார்கள். அக்கரையில் வஞ்சிரம் வறுத்து வைத்திருப்பதாகவும், நேரமாகிறது என்றும் சொன்னார்கள். நான் "ஆபரேட்டர்" என்று எழுதினேன். அக்கரைக்கு வந்து கார் பானட்டின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். ஒரு நாள் நின்றிருக்க வேண்டியவள் முக்கால் மணி நேரம்கூட நிற்கவில்லை. மீன் நன்றாக இருந்தது, அதையும் மறைக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து ரஹ்மத் நிஷா என்ற பெண் எங்கள் படிப்பில் இறுதியாண்டில் இருந்தாள். பரங்கிப்பேட்டைக்காரி. மெதுவாகப் பேசுவாள், கேள்வி மட்டும் விடாமல் வரும். எச்சரிக்கை ஏற்பாடுகளை முழுதாகச் சோதிப்பது எப்படி என்பது அவள் ஆய்வு. முழுதாக என்றால் செய்தி கிளம்புவதிலிருந்து ஊர் விழிப்பது வரை. அந்தக் குப்பத்தையே எடுத்துக்கொள்கிறேன் என்றாள். எடுத்துக்கொள் என்றேன். எனக்கு அப்போது ஒரு பயமும் இல்லை, நான்தானே சோதித்தேன்.

அவள் ஒரு நாள் அல்ல, நாலு நாள் நின்றாள். திரும்பி வந்து நாலாவது கட்டத்தை நிரப்பினாள்: ஏகாம்பரம், வீடு முதுநகர், ஆற்றுக்கு அந்தப் பக்கம். மாலை ஐந்து மணிக்குப் பஞ்சாயத்து ஆபீஸைப் பூட்டிவிட்டுப் படகேறிப் போய்விடுவார். ஞாயிறு வர மாட்டார். சாவி அவரிடம் மட்டும். அன்று லீவு என்று அவர்கள் சொன்ன ஆள் இவர்தான் என்று படித்ததும் புரிந்தது. இருந்தாலும் சோதித்துப் பார்த்துவிடலாம் என்றேன்.

ஊர்த் தலைவர்களான நாட்டார்களிடம் போய், இந்த வாரத்தில் ஒரு நாள் சைரன் கொஞ்ச நேரம் உறுமும், பயப்பட வேண்டாம், யாரும் ஓட வேண்டாம் என்று சொல்லி அவர்களிடம் எழுதி வாங்கிக்கொண்டாள். கட்டுப்பாட்டு அறையிலும் எழுத்தில் அனுமதி வாங்கினாள். ஏகாம்பரத்திடம் மட்டும் சொல்லவில்லை, சொன்னால் அது சோதனை ஆகாது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் செய்தி போயிற்று. அவள் இரும்புப் பெட்டிக்கு முன்னால் கடிகாரத்தோடு நின்றாள். நான் பக்கத்தில் நின்றேன்.

ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்தாயிற்று. எதிர்வீட்டில் மீன் கூடை கழுவிக்கொண்டிருந்த தேவகி என்ற பெண் எங்களைப் பார்த்துவிட்டு யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். பதினைந்தாவது நிமிடம் கட்டுப்பாட்டு அறையிலிருந்து அவர் எண்ணுக்குப் போன் போட்டார்கள். போன் வீட்டில் சார்ஜில் இருந்தது. மகள் எடுத்து, கறிக்கடை வரிசையில் நின்ற அப்பாவைத் தேடி ஓடியிருக்கிறாள். அவர் துறைக்கு வந்தபோது படகு இக்கரையில் இருந்தது. ஐம்பத்திரண்டாவது நிமிடம் சைரன் உறுமியது. ஏகாம்பரம் வேர்த்துக் கொட்டி, கறிப் பையைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க," என்றார் நிஷாவிடம். "சாவிய குடுத்து பத்திரமா வச்சிக்கன்னாங்க. தொலஞ்சிடக் கூடாதுன்னுதான் வூட்டுக்கே எடுத்துக்கினு போறேன்."

அந்த மனிதர் மேல் ஒரு தப்பும் இல்லை. சொன்னதை ஒழுங்காகச் செய்தவர். அவரை நான் முன்பே பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. திரும்பும் படகில் நிஷா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்தேன். வெட்கம் என்றால் இப்படி இருக்கும் என்று ஐம்பத்து நாலு வயதில் தெரிந்துகொண்டேன்.

ஆய்வேட்டின் அறுபத்தோராம் பக்கத்தில் அதை ஒரு அட்டவணையாகப் போட்டாள். வரிசையாக எல்லாப் படியும், எல்லாப் பெயரும். கடைசி வரி: முதல் ஏற்புச் சோதனை, மூன்று நிமிடம், நாலாவது கட்டத்தில் "ஆபரேட்டர்" என்று மட்டும் எழுதப்பட்டு ஏற்கப்பட்டது. ஏற்றவர் யார் என்ற இடத்தை வெறுமையாக விட்டிருந்தாள். மரியாதைக்காக விட்டாள் என்று எனக்குத் தெரியும். நான் அதைப் பார்த்தும் பார்க்காதது போலத் தாளைத் திருப்பினேன். எழுதவே கூசுகிறது, ஆனால் அதைத்தான் செய்தேன்.

ஆய்வேட்டில் இப்படி ஒரு பக்கம் இருக்கிறது என்று எப்படியோ நிறுவனத்துக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் கல்லூரிக்கு அவர்கள் ஒரு புது ஆய்வகம் கட்டித் தருவதாக இருந்தார்கள். மேலாளர் வந்து முதல்வர் அறையில் உட்கார்ந்தார். என்னைக் கூப்பிட்டார்கள். அனுமதியில்லாமல் சோதித்துவிட்டாள் என்றார். அனுமதிக் கடிதத்தைக் காட்டினேன். ஒரு தடவை நடந்ததை வைத்துச் சொல்ல முடியுமா என்றார். ஊருக்குள் கடல் தண்ணீர் வருவதும் ஒரு தடவைதானே என்றேன். அவர் முதல்வரைப் பார்த்தார். முதல்வர் என்னைத் தனியாக வராந்தாவுக்குக் கூட்டிப் போனார்.

"ஒரு பக்கம்தானே மேடம்," என்றார். "எடுத்துட்டு அறுபத்திரண்ட அறுபத்தொண்ணா மாத்திட்டா முடிஞ்சிது. உங்க கையெழுத்தும் அதுல மாட்டிக்கினு இருக்கு. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

என் நல்லது. அவர் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. அன்று முழுக்க அந்தப் பக்கம் போனால் போகட்டும் என்று நானும் நினைத்தேன். வேறு யாரும் என்னை மிரட்ட வேண்டிய அவசியமே இருக்கவில்லை, நானே என்னைச் சமாதானம் செய்துகொண்டிருந்தேன். சைரனை வேறு வழியில் சரி செய்துவிடலாம், ஒரு போன் போட்டுச் சொன்னால் போதாதா, ஊரைக் கூட்டி எழுத வேண்டுமா என்று என்னென்னவோ.

மறுநாள் நிஷாவின் வாப்பா என் வீட்டுக்கு வந்தார். மலேசியாவில் கடையில் நின்று தலை நரைத்தவர். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, காபி வேண்டாம் என்று சொல்லி, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். நிஷாவின் கணவர் துபாயில் இருந்தார். அதே ஊரில் இவளுக்கும் ஒரு வேலை தயாராக இருந்தது. ஜூன் மாதத்துக்குள் பட்டச் சான்றிதழைக் காட்டினால்தான் வேலை, வேலை இருந்தால்தான் விசா. தேர்வு முடிவை நிறுத்தி வைக்கப்போவதாகக் கல்லூரியில் யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள்.

"டீச்சரம்மா, நிக்காஹ் முடிஞ்சு மூணு வருஷத்துல எம்புள்ள மாப்புள்ளையோட இருந்தது நாப்பது நாளு," என்றார். "ஒரு தாளுக்காவ அதுங்கள இன்னும் பிரிச்சி வைக்காதீங்க. நீங்க சொன்னா அது கேக்கும்."

அவர் கேட்டதில் நியாயம் இல்லை என்று நான் எப்படிச் சொல்வேன்? எனக்கும் மகள் இருக்கிறாள். அவளிடம் பேசுகிறேன் என்றேன். பேசவும் செய்தேன். நிஷாவை அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, முதல்வர் சொன்னதையும் அவள் வாப்பா சொன்னதையும் அப்படியே சொன்னேன். பக்கத்தை எடுத்தால் இந்த மாதமே பட்டம், எடுக்காவிட்டால் எப்போது என்று எனக்கே தெரியாது, எது செய்தாலும் உன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்றேன். வெளியிலிருந்து கேட்டால் நியாயமான பேச்சு. உள்ளே எனக்குத் தெரியும், எடுத்துவிடேன் என்றுதான் நான் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.



"அந்தப் பக்கத்த எடுத்துட்டா நான் என்னத்த மேடம் கண்டுபுடிச்சேன்?" என்றாள். "சைரன் நல்லா கத்துதுன்னா? அது அந்தக் குப்பத்துல கைக்கொழந்தைக்கும் தெரியுமே."

பிறகு எழுந்து, வாப்பாவிடம் நானே பேசிக்கொள்கிறேன், நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு அப்போது வந்தது கோபம். அவள் மேல் இல்லை. ஊரே என் நல்லதைப் பார்க்கிறதே, அதன் மேல். அதில் நானும் சேர்ந்துகொண்டேனே, என் மேல்.

வாய்மொழித் தேர்வு ஒரு வியாழக்கிழமை. வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் தேர்வாளராக வந்திருந்தார், கண்டிப்பான அம்மாள். எங்கள் வழக்கப்படி யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வியும் கேட்கலாம். முதல்வர் முன் வரிசையில். மேலாளர் அவர் பக்கத்தில். நிஷாவின் வாப்பா கடைசி வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு. நிஷா நாற்பது நிமிடம் பேசினாள். அறுபத்தோராம் பக்கம் திரையில் வந்ததும் மேலாளர் எழுந்தார். தங்கள் ஏற்பாட்டைத் தகுதி வாய்ந்த ஒரு நிபுணர் சோதித்து ஏற்றிருக்கிறார், ஒரு மாணவி அதை மறுக்க என்ன தகுதி என்று கேட்டார். கேட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு நான் இன்றும் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

நான் எழுந்து முன்னால் போனேன். இந்த அட்டவணையில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது, காலியாக இருக்கும் பட்டியலை இந்தப் படிப்பில் நாங்கள் ஏற்பதில்லை, வழிகாட்டி என்ற முறையில் நானே இதை ஏற்க முடியாது என்றேன். நிஷாவின் முகம் வெளுத்துவிட்டது. மேலாளர் உட்கார்ந்தார், முதல்வர் தலையாட்டினார். மேசையில் இருந்த அச்சுப் பிரதியை எடுத்தேன். சபாநாயகம் சார் போகும்போது எனக்குக் கொடுத்துவிட்டுப் போன சிவப்பு நீலப் பென்சில் என் கைப்பையில் இருந்தது. சிவப்பு முனையால் அந்தக் காலிக் கட்டத்தில் எழுதினேன். எழுதியதை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தேன்.

"ஏற்றவர் திலகவதி. வீடு சிதம்பரம், தில்லைக் காளி கோயிலுக்குப் பின்தெரு, பச்சை கேட். ஆபரேட்டர் யாருன்னு கேட்டுட்டு, பதில் வர்றதுக்குள்ள சாப்பிடப் போனவ."

வெளித் தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்த கேள்வி இருக்கிறதா என்று மேலாளரிடம் கேட்டார். இல்லை. தேர்ச்சி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன். அன்று மூன்று தடவை படித்துப் பார்த்த பிறகுதான் போட்டேன்.

இதோடு நல்லபடியாக முடிந்தது என்று எழுத ஆசைதான். முடியவில்லை. முதல்வர் "மறுபரிசீலனை" என்று சொல்லித் தேர்வு முடிவை ஏழு மாதம் நிறுத்தி வைத்தார். ஜூன் போயிற்று, துபாய் வேலையும் போயிற்று. அவள் வாப்பா அதற்குப் பிறகு என் வீட்டுப் பக்கம் வரவில்லை, பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொள்வார். அது அவருடைய உரிமை. என்னைத் தலைமையிலிருந்து எடுத்தார்கள், தேர்வு ஹாலில் யார் எங்கே உட்கார வேண்டும் என்று நம்பர் ஒட்டும் பொறுப்பைக் கொடுத்தார்கள். ஆய்வகமும் வரவில்லை. அதற்கு நான்தான் காரணம் என்று உடன் வேலை பார்த்தவர்கள் டீ குடிக்கும்போது பேசினார்கள். ஆமாம், நான்தான். நம்பர் ஒட்டுவதை ஓய்வு பெறும் வரை ஒழுங்காகச் செய்தேன், ஒரு நாற்காலிகூட மாறவில்லை.

நிஷா பட்டம் வாங்கியதும் அடுத்த வருடம் துபாய் போனாள், வேறு வேலை தேடிக்கொண்டாள். பெருநாளுக்கு ஒரு செய்தி அனுப்புவாள். அந்த ஏழு மாதத்தைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. மன்னித்துவிட்டாளா என்று நானும் கேட்டதில்லை.

ஆனால் போவதற்கு முன் ஒரு வேலை செய்தாள். அறுபத்தோராம் பக்கத்தைத் தமிழில் எழுதிக் குப்பத்து நாட்டார்களிடம் கொடுத்து விளக்கிச் சொன்னாள். அவர்கள் நிறுவனத்துக்கு மனுப் போட்டுக் காத்துக்கொண்டிருக்கவில்லை. ஏகாம்பரத்திடமிருந்து சாவியை வாங்கி இன்னொன்று செய்து, எதிர்வீட்டுத் தேவகி வீட்டு வாசல் நிலையில் ஆணி அடித்து மாட்டிவிட்டார்கள். கட்டுப்பாட்டு அறையில் பேசி, தேவகி, அவள் மாமியார், பக்கத்து வீட்டுப் பெண் மூன்று பேருடைய செல்போனுக்கும் செய்தி வருகிற மாதிரி செய்தார்கள். அடுத்த ஞாயிறு சொல்லாமல் சோதித்தபோது நான் போய் நின்றேன். நாலு நிமிடம். தேவகி ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து அழுத்தினாள். இப்போது அந்தத் திட்டத்தைத்தான் படிப்பின் பெருமை என்று மலரில் போடப்போகிறார்கள். என் பழைய சான்றோடு, மூன்று நிமிடத்தோடு.

அந்தச் சான்றை அனுப்ப மாட்டேன். அறுபத்தோராம் பக்கத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன், என் சிவப்புக் கிறுக்கலோடு. முழுப் பக்கத்தில் போட வேண்டுமென்றால் அதைப் போடுங்கள். இடம் இல்லை என்றால் என் போட்டோவை எடுத்துவிடுங்கள், அதனால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

கடைசியாக அந்த ஒரு வரி. நாலாவது கட்டம் மற்ற இடங்களில் எங்கும் இல்லை, கணினியில் ஏற்றத் தோதாக இல்லை, ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், பெயர் எழுதி என்ன பயன் என்று காரணம் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். ஆட்கள் மாறினால் பெயரை மாற்றி எழுதுங்கள், போய்ப் பார்த்து எழுதுங்கள். அதற்குத்தான் அந்தக் கட்டம். எனக்குத் தெரிந்து அதில் பெயர் எழுதாமல் போனது ஒரே ஒரு தடவை, அது எங்கே போய் நின்றது என்று மேலே எழுதிவிட்டேன்.

உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். "நீக்கப்படுவதாகத் தீர்மானிக்கப்பட்டுள்ளது" என்று இருக்கிறது. கீழே முத்திரை இருக்கிறது, கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் "ஒருங்கிணைப்பாளருக்காக" என்று மட்டும் இருக்கிறது. பென்சில் சுண்டுவிரல் அளவுக்குத் தேய்ந்துவிட்டது, ஆனாலும் எழுதுகிறது. அந்த வரியின் ஓரத்தில் சிவப்பில் எழுதி, கடிதத்தை அப்படியே இதோடு திருப்பி அனுப்புகிறேன்.

யார்? வீடு எங்கே?